ரோதை ஓடும் சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் தங்கச்சியும் சுகம். உன் போன் மூன்று வாரமாக ஓப்பில் கிடக்கிறது, அதனால் கடிதம். அறை மாறவில்லை என்ற நம்பிக்கையில் பழைய விலாசத்துக்கே போடுகிறேன்.

போன ஞாயிறு நம் தோட்டத்துப் பழைய ஸ்டோருக்கு, அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, பேய் பார்க்க ஆள் வந்தது. நாலு பொடியன்கள், ஒரு வேன், பெரிய டோர்ச். யூடியூப்பில் போடவாம். பழைய வாச்சர் நான்தான் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். "ஐயா, ராத்திரியில் ரோதை, அந்தப் பழைய மெஷின், ஓடுகிற சத்தம் கேட்கிறது உண்மையா?" என்று மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான் ஒருவன். உண்மைதான் என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சத்தம் வருவது உண்மைதானே. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது மூன்று மாடியும் டக் டக் என்று அடிக்கும். கூரைக்குள் மரநாய் குடும்பம் நடத்துகிறது. காற்று எழும்பினால் அறுந்த பெல்ட் சுவரில் போய் அடிக்கும். இதையெல்லாம் சொன்னால் வேனுக்கு எண்ணெய் அடித்து வந்த பிள்ளைகளுக்கு நட்டம்.

கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். கொழுந்து வாட்டிய மாடியில் இப்போது வெள்ளைக்காரர்கள் மெத்தையில் தூங்குகிறார்கள். ஹந்தானையில் ஒரு ஸ்டோர் மியூசியமாகிவிட்டது. நம்முடையதற்குப் பேய் கிடைத்தது.

கொழும்பில், புறக்கோட்டைக் கடையில் கணக்கை அன்றன்றைக்கே எழுதி வைக்கிறாயா? இரண்டு பேர் கை போடுகிற காசு லாச்சியில் ராத்திரி மூடும்போது எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாலரை கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் ஒரு கிலோ தூள்தான் வெளியே வரும். மிச்சம் தண்ணீராய்ப் போனது என்று டீமேக்கர் ஐயாவுக்குத் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். காசு குறைந்தால் அப்படியில்லை. கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் பார்ப்பார்கள். அதனால் எழுதி வை.

பெரியப்பா மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "இருக்கிறான் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் ஏ.எல். பரீட்சை முடித்த முதல் பிள்ளை நீ, உன்னை இன்னொருவனிடம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு படித்தவனுக்கு அப்பாவுக்கு ஒரு கோல் எடுக்கத் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகன், அந்தப் படிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தங்கச்சிக்குத் தெரியாது.

ஸ்டோரை மூடி, கொழுந்தெல்லாம் லொறியில் கீழ்த்தோட்டத்துக்குப் போகத் தொடங்கியபோது என்னை வாச்சராகப் போட்டார்கள். 2013 ஒப்பந்தத்தில் அடிப்படை நாள் சம்பளம் 450 ரூபாய், எல்லாம் சேர்ந்தால் 620. உனக்கு அட்டனில் மூன்று டியூசன். ரோலர் மேசையில் வளைவு வளைவாகப் பித்தளைக் கட்டை பதித்திருக்கும், நீ சின்ன வயதில் விரலை வைத்துத் தடவுவாயே, அதுதான். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சாக்கில் சுற்றி, மேலே கீரையை வைத்து, பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தேன். அப்புறம் மோட்டரின் செம்புக் கம்பி. தட்டுகிற சத்தம் லயம் வரைக்கும் போகும். ஒரு காலையில் யாரோ கேட்டார்கள், ராத்திரி ஸ்டோரில் என்ன சத்தம் என்று. மாமாதான் வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாமா என்றால், கடைசிக் காம்பரா அத்தையின் புருசன்தான். ஸ்டோர் பெல்ட்டில் கட்டியிருந்த சாரம் சிக்கிச் செத்துப்போனவர். அந்த வருசம் ஸ்டோர் சாமி ரோதமுனிக்குப் பூசை போடவில்லை என்று ஏற்கெனவே ஊரில் பேச்சு இருந்தது. நான் சொன்ன ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் இருட்டினால் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

அத்தை மட்டும் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டோர் வாசல் படியில் ஒரு கிளாஸ் பிளேன்டீ, பக்கத்தில் ஒரு துண்டு சக்கரை, இரண்டு வெற்றிலை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். முதல் தடவை என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டுக்குள் நின்றேன். காலையில் கிளாஸ் நிறைந்தே இருந்தால் அந்த மனுசி என்ன நினைக்கும்? குடித்துவிட்டேன். ஆறிப்போயிருந்தது. அடுத்த வெள்ளியும் குடித்தேன்.

வாச்சர் வேலை போய் நாலு வருசம். இன்னும் வெள்ளிக்கிழமை இருட்டினதும் மாட்டுக்குப் புல் பார்க்கிற மாதிரி இறங்கிப் போய்க் குடித்துவிட்டுத்தான் வருகிறேன். அம்மாவுக்குத் தெரியும். ஒன்றும் கேட்பதில்லை. ஞாயிறு வந்த பொடியன்களிடம் அத்தை, "அவர் குடிப்பார் தம்பி, ஒரு சொட்டு வைக்கமாட்டார்" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் படத்தில் என் முகமும் இருக்கும்.

அங்கே என்ன நடந்திருந்தாலும் அதை எந்த அப்பாவிடம் சொல்லப் போகிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதினேன். இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அடுத்த மாதம் வேண்டாம். கணக்கு எழுதிய கொப்பி இருந்தால் எடுத்து வா, இல்லாவிட்டால் சும்மா வா.

வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் அட்டனில் நாலு மணி பஸ்ஸைப் பிடி. அதற்கு அடுத்தது சந்தியோடு நின்றுவிடும். சனி, ஞாயிறு பார்ப்பேன். வராவிட்டால் திங்கள் விடிகாலை நானே புறக்கோட்டைக்கு வருகிறேன். சட்டையை அம்மா தேய்த்து வைத்துவிட்டாள்.

அப்பா