கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

போனில் சொல்ல இரண்டு முறை ஆரம்பித்தேன். "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அதனால் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

திங்கட்கிழமை ஒட்டன்சத்திரம் பேங்க் கிளையில் கிளார்க்காகச் சேரப் போகிறாய். ஆர்டர், ஒரிஜினல் சான்றிதழ், போட்டோ எல்லாம் நீயே எடுத்து வைத்திருப்பாய். "மேனேஜர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ" என்று அன்றைக்குக் கேட்டாயே, எனக்கு அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிவிடுவார். உன்னை முதலில் எடைபோடுவது ஹெட் கேஷியரும், அட்டெண்டரும், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும்தான்.

என் கதை ஒன்று, உனக்குச் சொன்னதில்லை. 1989, கம்ப்யூட்டர் வராத காலம். நான் சேர்ந்து இரண்டாவது வாரம். சாயங்காலம் கேஷ் முடிக்கும்போது ஐந்நூறு ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினேன். பத்து நாளிலேயே இப்படியா என்று பேசுவார்களே என்ற பயத்தில், புடவை வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் ஒரு நெல் வியாபாரி வந்து, "நேத்து அஞ்சு நூறு ரூபா நோட்டு கூட வந்திருச்சும்மா" என்று எல்லோர் முன்னாலும் நீட்டினார். "நேத்து டேலி ஆச்சே?" என்றார் ஹெட் கேஷியர். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம், நான் எண்ணிய கட்டை அவர் இன்னொரு தடவை எண்ணாமல் வாங்கியதில்லை. குறைந்ததை அப்போதே சொல்லியிருந்தால் எல்லோருமாகத் தேடியிருப்பார்கள். சொல்லாமல் சரிக்கட்டுகிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கேஷியர் நிம்மதியாகத் தூங்குவார், சொல்.

பணம் குறைந்தாலும் கூடினாலும் உடனே வாய் திறந்துவிடு. அப்புறம், அவசரம் என்று யாராவது பாஸ்வேர்டு கேட்டால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தன்மையாக மறுத்துவிடு. உன் ஐடியில் விழும் பதிவுக்கு நீதான் பொறுப்பு.

அது காய்கறி மார்க்கெட் ஊர். தக்காளியும் முருங்கையும் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிற ஊர். நோட்டு ஈரமாகவும் மண்ணாகவும் வரும், எண்ணுகிற மெஷினில் சிக்கும். முகம் சுளிக்காதே. பிரித்து அடுக்கிக் கையால் எண்ணு. அவர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து சம்பாதித்த பணம் அது.

நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் வந்து "காசு ஏறிருச்சா கண்ணு?" என்று கேட்பார்கள். முந்தின நாள் கேட்டவர்களே மறுபடி கேட்பார்கள். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துச் சொல். தொகையை மட்டும் சத்தமாகச் சொல்லாதே, பின்னால் நிற்பது அவரிடம் கடன் கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தக்காரராக இருக்கலாம். தாளில் எழுதிக் காட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோரம் சொல். சீட்டு எழுதத் தெரியாதவரை "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. 2016 நவம்பரில் வரிசை தெருமுனை வரை நின்றபோதுகூட எங்கள் அட்டெண்டர் அண்ணன் வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்தார். உன் கிளை அட்டெண்டரையும் "அண்ணா" என்றே கூப்பிடு. ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

பார்சலில் முறுக்கு டப்பாவுக்குக் கீழே அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நான்கு துண்டு வைத்திருக்கிறேன். கைநாட்டு வைத்தவர்கள் மையைச் சுவரிலும் புடவையிலும் துடைத்துக்கொண்டு போவார்கள். ஒரு துண்டைக் கவுன்ட்டரில், அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வை. வாரம் ஒரு முறை துவைத்துவிடு.

திங்கள் சாயங்காலம் கேஷ் பூட்டியதும் போன் பண்ணு. எட்டு மணியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா