விண்ட்சர் கோட்டையின் கார்ட்டர் வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஐயன்மீர்,

(அம்மணிகளே, உங்களிடம் பிறகு வருகிறேன். வரிசை அப்படித்தானே இருந்திருக்கிறது!)

கார்ட்டர் என்றால் காலுறைப் பட்டி. அந்தப் பெயரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு தொடங்கிய கௌரவ வீரர் சங்கம் உங்களுடையது. ஜூன் மாதமானால் நீல வெல்வெட் அங்கியும் வெள்ளை இறகுத் தொப்பியுமாக செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு ஊர்வலம் போகிறீர்கள். பெண்களை மதித்து நடக்கும் கனவான் மரபுக்கு நீங்களே வாரிசு என்கிறார்கள். சரி, வாரிசு என்றால் பழைய கணக்கையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

989-ல் பிரான்சின் ஷாரூவில் ஆயர்கள் கூடி, ஏழைக் குடியானவனின் ஆடு, மாடு, கழுதையைப் பறிப்பவனுக்குச் சாபம் என்று தீர்மானம் போட்டார்கள். பறித்தவர்கள் யாராம்? பெரும்பாலும் குதிரையும் வாளும் வைத்திருந்தவர்கள். வீர மரபின் முதல் பாடமே கழுதையைத் திருப்பிக் கொடு என்பதுதான்.

அப்புறம் காதல் வந்து சேர்ந்தது. ஆஸ்திரிய வீரர் உல்ரிச் ஃபான் லிக்டென்ஸ்டைன் 1227-ல் காதல் தேவதை வீனஸின் வேடம் போட்டுக் கிளம்பினார். வெள்ளைக் கவுன், முத்துக் கோத்த சடை. வெனிஸ் பக்கத்திலிருந்து பொஹீமியா எல்லை வரை, எதிர்ப்பட்ட வீரர்களோடெல்லாம் ஈட்டிப் போட்டி. எல்லாம் ஒரு சீமாட்டியின் கடைக்கண் பார்வைக்காக. 307 ஈட்டிகள் முறிந்ததாக அவரே பாட்டில் எழுதிவைத்திருக்கிறார். இதற்கு முன்பே ஒரு போட்டியில் அவர் விரலில் அடிபட்டிருந்தது. விரல் போயே போய்விட்டது என்று கேள்விப்பட்ட அந்த அம்மாள், அது இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்து குத்திக்காட்டினாராம். மனுஷன் உடனே அதை வெட்டச்சொல்லி, கவிதைப் புத்தகத்தோடு சேர்த்து அனுப்பிவைத்தார். அந்த அம்மாள் மசியவில்லை. இத்தனைக்கும் உல்ரிச்சுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வீனஸ் பயணத்தின் நடுவே வேடத்தைக் கலைத்துவிட்டு, சில நாள் மனைவியைப் பார்த்து வந்ததையும் கூச்சமில்லாமல் எழுதுகிறார். அந்த மனைவி என்ன சொன்னார் என்று பாட்டு எழுத யாருமில்லை.

உங்கள் சங்கத்து ஆளையே எடுத்துக்கொள்வோம். வெலிங்டன் டியூக் 1829-ல் பிரிட்டன் பிரதமராக இருந்தபோதே, வின்சில்சி பிரபுவைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். டியூக்கின் குண்டு குறி தப்பியது. பிரபு வானத்தைப் பார்த்துச் சுட்டார். பிறகு அவர் தரப்பில் தயாராக வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்கள். அதில் மன்னிப்பு என்ற சொல்லைச் சேர்த்த பிறகுதான் டியூக் தரப்பு சமாதானமானது. கடிதம் முன்பே தயார் என்றால் காலையிலேயே லண்டன் பேட்டர்ஸி வயல்வெளிக்கு எதற்கய்யா போனீர்கள்?

இப்போது உங்கள் மூலக்கதை. 1348 வாக்கில் ஒரு நடனத்தில், சாலிஸ்பரி சீமாட்டியின் காலுறைப் பட்டி நழுவி விழுந்ததாம். சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, மூன்றாம் எட்வர்டு மன்னர் அதைத் தன் காலில் கட்டிக்கொண்டு, இதைத் தப்பாக நினைப்பவனுக்கு வெட்கம் என்று பிரெஞ்சில் சொன்னாராம். அதுவே உங்கள் சங்கத்தின் வாசகம். அருமையான கதை, ஆனால் எழுத்தில் வருவதற்கே நூறு வருடத்துக்கு மேல் ஆனது. எட்வர்டோ பிரான்ஸ் அரியணையும் எனக்கே என்று 1340-லேயே பட்டம் சூட்டிக்கொண்டவர். வெட்கப்படச் சொன்னது அந்த உரிமையை மறுத்தவர்களைத்தான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். நாட்டைப் பிடிக்கப் போனவர் கதையில் நல்ல பிள்ளை ஆகிவிட்டார்!

கதையை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கப் பிறந்த சங்கம். அரசிகள் நீங்கலாக, 24 உறுப்பினர் இடங்களில் பெண்களும் அமரலாம் என்று விதி மாறியது 1987-ல். நடுவில் கொஞ்ச காலம் சீமாட்டிகள் சிலருக்கு அங்கி தைத்துக் கொடுத்தீர்கள், இடம் கொடுக்கவில்லை. 1990-ல்தான் நார்ஃபோக் சீமாட்டி லவினியா முதல் ஆளாக உள்ளே வந்தார். பெண்களுக்கே முதலிடம் என்பவர்கள் கதவைத் திறந்துவிட அறுநூறு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டீர்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். வரும் ஜூன் ஊர்வலத்தில் அம்மணிகள் அத்தனை பேரும் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். பதில் போடுவதானால் ஆங்கிலத்திலேயே போடலாம். பிரெஞ்சு மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை குழப்பமாகிவிட்டது.

இப்படிக்கு,
அங்கியில்லாத ஒருவன்