வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை

உசிலம்பட்டி
ஞாயிறு இரவு

மாப்பிள்ளை முருகேசா,

அன்றைக்கு போனில் நீ "என் கண்ணுல ஒண்ணை எடுத்துக்கடா" என்றபோது கடையில் பால் பொங்கிவிட்டது. அதையே சாக்காக வைத்து போனை வைத்துவிட்டேன். பேச வரவில்லை, அதுதான் நிஜம். பதில் சொல்லாமல் விட்டால் நீ திருப்பூரிலிருந்து பஸ் ஏறினாலும் ஏறிவிடுவாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கண் எனக்கு உதவாது. ஏனென்றால் என் வலது கண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கருவிழி பளிச்சென்று இருக்கிறது, லென்ஸ் சரி, விழித்திரை சரி. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு செத்துவிட்டது. கடையில் மாட்டியிருக்கிற கேமராவுக்குப் போன வருஷம் எலி ஒயரைக் கடித்ததே, அந்தக் கதைதான். ஒயரை மாற்றிவிட்டோம். நரம்பை மாற்ற முடியாது. கண் தானத்தில் எடுத்து வைப்பதும் கருவிழியைத்தானாம். நியூயார்க்கில் 2023 மே மாதம், கரண்ட் அடித்து முகம் போன ஒருவருக்கு முழுக் கண்ணையும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கண்ணில் ரத்தம் ஓடுகிறது, பார்வை வரவில்லை என்று மகள் படித்துச் சொன்னாள். அமெரிக்காவிலேயே அப்படி.

நடந்தது இதுதான். பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை, பால் எடுக்கப் போனேன். நாய் குறுக்கே வந்தது. முப்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது, திட்டாதே, செல்வி திட்டிவிட்டாள். பாலக்கட்டையில் வலது புருவம் இடித்தது. பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டு, ஸ்கேனும் எடுத்து, "கண் நல்லா இருக்கு, வீக்கம் வடியட்டும்" என்று அனுப்பினார்கள். கண் பணியாரம் மாதிரி மூடிக்கிடந்ததால் நானும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து இமை திறந்தது. முகம் கழுவும்போது இடது கண்ணில் சோப்பு பட்டுவிட, அதை மூடினேன். கண்ணாடி இல்லை, குழாய் இல்லை, சுவரும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துச் செல்வியைக் கூப்பிட்டேன்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா மிஷின் எதையும் முதலில் தொடவில்லை. ஒரு டார்ச்சை எடுத்தார். இடது கண்ணில் அடித்தால் இரண்டு கண்மணியும் சுருங்குகின்றன. வெளிச்சத்தைச் சட்டென்று வலது கண்ணுக்கு மாற்றினால் இரண்டும் விரிகின்றன! செல்வியைக் கூப்பிட்டு நாலைந்து தடவை காட்டினார். வெளிச்சம் வந்த சேதி உள்ளே போய்ச் சேரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சியாம். உள்ளே பார்த்தால் நரம்பின் முனை அன்றைக்கு அழகாகச் சிவந்துதான் இருந்தது. ஆறு வாரம் கழித்துப் போனபோது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது என்றார்.

கண்ணில் அடி படவே வேண்டியதில்லையாம் மாப்பிள்ளை, புருவத்தில் பட்டால் போதும். அந்த நரம்பு ஐந்து சென்டிமீட்டர் நீளம்தான். அதற்குள் ஏறக்குறைய 12 லட்சம் இழைகள். வழியில் ஒரு சென்டிமீட்டருக்கு எலும்புக் குகை ஒன்று இருக்கிறது. அங்கே நரம்பின் உறை எலும்போடு ஒட்டியிருப்பதால் அசைய இடமில்லை. புருவத்தில் விழுந்த அடி எலும்பு வழியாக நேரே அங்கே போய் இழைகளை வெட்டி இழுத்துவிடுகிறது. அப்புறம் நரம்பு வீங்கினாலும் வீங்க இடமில்லை, தன்னையே நெரித்துக்கொள்கிறது.

மூன்று நாள் போச்சே என்று செல்வி அழுத அழுகையைச் சொல்லி முடியாது. டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னதை நீயும் கேள். எலும்புச் சில்லு குத்திக்கொண்டிருந்தாலோ, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தாலோ மணி நேரம் கூட முக்கியம், உடனே ஏதாவது செய்திருக்கலாம். என் ஸ்கேனில் அது இரண்டும் இல்லை. மற்றபடி ஸ்டீராய்டு ஊசியோ ஆபரேஷனோ, சும்மா விட்டுப் பார்ப்பதைவிட மேல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தலையில் அடிபட்ட 10,000 பேரை வைத்து 2004-ல் வந்த ஆராய்ச்சியில் ஸ்டீராய்டு போட்டவர்கள்தான் அதிகம் இறந்திருக்கிறார்கள். "அன்னைக்கே வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். சிலருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்புமாம். எனக்கு கீழ் ஓரத்தில் கையசைத்தால் நிழல் தெரிகிறது, அவ்வளவுதான். செல்வி அன்றிரவுதான் தூங்கினாள்.

கடைக்கு வா, நான் டீ ஆத்துவதைப் பார். முதல் வாரம் பாதி டீ தரையில். ஒரு கண்ணில் தூரம் தெரியாது, டம்ளர் இருக்கிற இடத்துக்கு நாலு விரல்கடை முன்னாலேயே ஊற்றுவேன். இப்போது சட்டியின் விளிம்பை டம்ளரில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே தூக்குகிறேன், சிந்துவதில்லை. வலது பக்கம் நின்று காசு நீட்டுகிறவர்கள்தான் பிரச்சினை. "பாத்தும் பாக்காத மாதிரி இருக்கான்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். கண் பார்க்க நன்றாக இருப்பதால் சொன்னாலும் நம்புவதில்லை. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டும் 30 சதவீதம்தான் வரும், சலுகைக்கு 40 வேண்டும்.

நம் கணக்கு வாத்தியார் கிரிக்கெட் வீரர் பட்டோடி கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? 1961 ஜூலையில் கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு பட்டு வலது கண் போனது, ஆறே மாசத்தில் மெட்ராஸில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன். அப்போது கை தட்டினோம். அந்த ஆள் பந்தை எங்கே பார்த்தான் என்று இப்போதுதான் வியப்பாக இருக்கிறது. எனக்கு டம்ளரே தட்டிப் பார்த்தால்தான் பிடிபடுகிறது.

உன் பையனிடம் என் கதையைச் சொல்லு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறான் என்றாயே. ஆடி மாசம் வந்தால் நாலு நாள் தங்கு. பனியன் அனுப்புவதாகச் சொன்னாய், 95 வேண்டாம், இப்போது 100 தான் சரியாக இருக்கும்.

அன்புடன்,
கண்ணன்

(பெயரைப் பார்த்து இப்போதாவது சிரித்துவிடு. வாத்தியாரே சிரித்திருப்பார்.)