மேடை வேண்டாம், பாய் போதும்

மேலூர் வட்டாரத்து ஊர் விழாக் குழுவினருக்கும் நூலக வாசகர் வட்டத்தாருக்கும்,

வணக்கம்.

ஊர் வரலாற்றைத் தொகுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம் என்று நம் பக்கத்தில் அவ்வப்போது யாராவது அழைப்பிதழ் அடிக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. அடுத்த மலருக்கு நன்கொடைப் புத்தகம் தூக்குவதற்கு முன் என் கோரிக்கை ஒன்றைக் கேட்டுவிடுங்கள். ஊர்க்கதையை யார் வாயால் கேட்பது என்பதை இந்த முறை மாற்றுங்கள்.

இப்படி ஒரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கும் நடப்பதுதான். முன்வரிசை நாற்காலிகளில் பெயர் ஒட்டியிருந்தது. பொன்னாடை போர்த்தி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. கண்மாயில் காலமெல்லாம் நீர்கட்டியாக, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவராக, இருந்த பெரியவரைக் கடைசியாகக் கூப்பிட்டு, "ஐயா, இரண்டு நிமிடம்" என்றார்கள். "தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழிக்க ஆரம்பித்தார். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு ஈரம். பழைய குமிழித் தூம்பில், அதாவது கண்மாய்க்குள் இருக்கும் கல் மதகில், மேலே துளை, அடியிலும் துளை. மேலே நீரோடி, அதன் வழியாகப் பாசனத் தண்ணீர் போகும். கீழே சேறோடி, அது வண்டலை வெளியே தள்ளும். தண்ணீர் குறைந்த வருடத்தில் எந்த வயலுக்கு முதல் முறை, எதற்குக் கடைசி முறை என்று முடிவு செய்வதும், அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவும் அவருடைய பங்கு. கூலி களத்தில் நெல்லாக வரும். இத்தனையும் மண்ணில் வரைந்து காட்டினார். பொட்டலத்தை மடித்துவிட்டு எழுந்தபோது காலாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். உள்ளே மைக்கில் ஒருவர் நம் மண்ணின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியாறு அணை 1895இல் வந்தது, பென்னிகுயிக் கட்டினார் என்பது எல்லா மலரிலும் இருக்கிறது. இருக்கட்டும். அந்தத் தண்ணீர் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் என்று பிரிந்த பிறகு, கடைமடையில் வயல் வைத்திருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது எந்த மலரிலும் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

'பழங்கதையைக் கேட்டு என்ன ஆகப்போகிறது' என்பவர்களுக்கு அரிட்டாபட்டி போதும். 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட செய்தி வந்தபோது நம்மில் எத்தனை பேருக்கு அந்த உலோகத்தின் பெயர் தெரியும்? ஆனால் எந்த மலையிலிருந்து ஓடி வரும் தண்ணீர் எந்தக் கண்மாயில் விழுகிறது, எந்தப் பாறையில் எந்தச் சாமி, எந்தச் சுனை வற்றாது என்பது அங்கே ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிராம சபைகளில் அதைத்தான் பேசினார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது கையில் காகிதமாகவும் இருந்தது. 2024 டிசம்பர் 9 அன்று சுரங்கத்துக்கு எதிராகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை சனம் திரண்டு போனது. 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. ஊர் அறிந்ததும் காகிதத்தில் இருந்ததும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. மற்ற கண்மாய்களுக்கும் குன்றுகளுக்கும் நம்மிடம் அப்படி எழுத்தில் என்ன இருக்கிறது?

அந்தப் போராட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்த்தோம். மலரின் உள்ளே அவர்கள் கோலப்போட்டிப் பரிசுப் பட்டியலில் மட்டும் வருகிறார்கள். நடவுக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர், கூலிக்காகப் பேச்சுவார்த்தைக்குப் போனவர், மகளிர் குழுக் கணக்கை வைத்துக்கொண்டு வங்கி மேலாளரிடம் மல்லுக்கு நின்றவர் எல்லோரும் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஊர்க்கதை என்றால் மீன்பிடித் திருவிழா மட்டும் அல்ல. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு கண்மாய்க்குள் பாய்கிற அந்தக் காலை எனக்கும் பிடிக்கும். பிடித்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டதும் இந்த மண்ணில்தான். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்குப் போட்டியிட்டு வென்றதுதான் அவர் செய்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது சுற்றுலாத் துறைக் கையேடு. நீர்கட்டிகளில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தார் என்பதும், கண்மாயைக் காத்தவர்களுக்கு அதே கண்மாயில் என்ன உரிமை இருந்தது என்பதும் பேசப்பட வேண்டும். பேசினால் கூட்டத்தில் சலசலப்பு வரும். வரட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். மேடை வேண்டாம், சமுக்காளமோ பாயோ விரித்தால் போதும். பொன்னாடை கட்டாயம் வேண்டாம். அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேர் பேசினால் தாராளம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைதான் சரி. அதுவும் மாலை மயங்கும் நேரத்தில் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். உலை வைக்கிற வேளை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும், கைப்பேசியில் பதிவும் செய்யட்டும். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, 'இது வேண்டாம்' என்று அவர் சொல்வதை அடித்துவிட வேண்டும். பெயர் போடுவதும் போடாததும் அவர் விருப்பம். ஒரு பிரதி நூலகத்தில், ஒரு பிரதி சொன்னவர் வீட்டில். கண்மாய், வரத்துக் கால்வாய் பற்றி வருகிற பகுதியை மட்டும் தனியே எடுத்து அடுத்த கிராம சபையில் கொடுங்கள். தூர்வாரும் ஒப்பந்தக்காரருக்கு மண்வெட்டும் இயந்திரம் தெரியும், மடை தெரியாது.

முதல் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் கண்மாய்க் கரையில் வையுங்கள். நான் சொன்ன பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. கரைக்கு மட்டும் கம்பை ஊன்றி வந்துவிடுகிறார். தை அறுப்பு முடிந்தவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள், நானே போய் அவரிடம் கேட்டு வருகிறேன். டீச்செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கடைமடைக்காரி ஒருத்தி
மேலூர் வட்டம்