மின்வாரியத்துக்கு, சப் மீட்டர்ல குடியிருக்கிறவன் எழுதுறது

மதிப்பிற்குரிய மின்வாரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் நாலு குடும்பம் ஓடுற வீடு சென்னையில எவ்ளோ இருக்குன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. ரீடிங் எடுக்க வர்றவரு மெயின் மீட்டர் பக்கத்துல, ஒவ்வொரு போர்ஷன் யூனிட்டையும் தனியா காட்டுறதுக்கு ஓனர் மாட்டுன சப் மீட்டர் வரிசையா தொங்குறத பாத்துக்கிட்டேதான் மெயினை மட்டும் குறிச்சிட்டுப் போறாரு. அதனால பழைய கதையெல்லாம் விட்டுட்டு நேரா கேக்குறேன். வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அவங்க பேர்ல தனி மீட்டர் குடுங்க. ஓனர் கையெழுத்து இருந்தாதான்னு சொல்லாம குடுங்க.

இப்ப ஏன் இந்த லெட்டர்னா போன மே மாசம் எங்க காம்பவுண்டுல நடந்த ஒரு விஷயம். மாடியில ஓனர், கீழ ரெண்டு போர்ஷன். ஒண்ணுல நாங்க, இன்னொண்ணுல ஒரு அக்கா, மெஸ்ல காய் நறுக்குற வேலை. கரண்ட் விஷயத்துல அவங்க எவ்ளோ கணக்கா இருப்பாங்கன்னு பாத்தாதான் நம்புவீங்க. நைட்டு ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிடுவாங்க, அவங்க மாமியார் பதினோரு மணி வரைக்கும் விசிறிய வச்சுக்கிட்டு வாசப்படியிலதான் உக்காந்திருக்கும், எல்லாரும் படுக்கும்போதுதான் ஃபேன் போடணும்னு வீட்ல சட்டம். அந்த வீட்டுக்குப் பொண்ணு பிரசவத்துக்கு வந்துச்சு. அக்னி நட்சத்திரம், பச்சப்புள்ள உடம்பெல்லாம் வேர்க்குரு, பகல்லயும் ஃபேன் ஓடத்தான் செய்யும், யூனிட் ஏறத்தான் செய்யும். ரெண்டு மாசக் கரண்ட் காசுன்னு ஓனர் ஒரு தொகை சொன்னாரு, யூனிட்டுக்கு 10 ரூபா வீதம், அது போக மோட்டார் கரண்ட் தனி. அந்தக்கா சண்டையெல்லாம் போடல. "சார், அந்த ஈபி பில்லைக் கொஞ்சம் காட்டுங்களேன்"னு கேட்டாங்க, அவ்ளோதான்.

அன்னிக்கு நைட்டு மாடியில லைட்டு, எங்க வீட்ல லைட்டு, தெருவுல லைட்டு, அவங்க போர்ஷன் மட்டும் இருட்டு. டார்ச் அடிச்சுப் பாத்தா அவங்க பீஸ் கட்டைய உருவிட்டு மாடிக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு மனுஷன். கொழந்த வீல்னு கத்துது. நான் எங்க வீட்லருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஜன்னல் வழியா ஒயர் இழுத்து ஒரு டேபிள் ஃபேன் வச்சுக் குடுத்தேன். அதையும் மேலருந்து எட்டிப் பாத்துட்டு "அது உன் மீட்டர்ல ஏறும் தம்பி, நாளைக்கு நீயும் வந்து பில்லைக் காட்டுன்னு நிக்காத"ன்னாரு. போலீசுக்குப் போன் பண்ணா சிவில் மேட்டர், காலையில பேசிக்கங்கன்னாங்க. காலையில அந்தக்கா காசைக் குடுத்தாங்க, கட்டை கீழ வந்துச்சு. பில்லு வரல.

சட்டம் இருக்குன்னு நீங்க சொல்லுவீங்க. இருக்கு சார். 2017ல போட்டு 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்துல, ஓனர் தண்ணி கரண்ட்டு மாதிரி அத்தியாவசிய சேவைய நிறுத்தவே கூடாதுன்னு 20ஆம் பிரிவு தெளிவா சொல்லுது, வாடகை அதிகாரிகிட்ட மனு குடுத்தா இடைக்கால உத்தரவு கூட வாங்கலாமாம். நைட்டு பத்து மணிக்கு கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு எந்த அதிகாரிகிட்ட மனு குடுக்குறது? பத்து மாச அட்வான்ஸ் அவரு கையில, "இஷ்டம்னா இரு இல்லைனா காலி பண்ணு"ங்கிற வார்த்தை அவரு வாயில. ஆனா தனியா ஒரு மீட்டர் அந்தக்கா பேர்ல இருந்திருந்தா அந்த நைட்டு நடந்திருக்கவே நடந்திருக்காது, பில்லைக் காட்டுன்னு ஒருத்தர்கிட்ட கெஞ்ச வேண்டியதே இல்ல.

ஓனரைத் திட்டுறதுக்கு மட்டும் இந்த லெட்டர்னு நினைச்சுடாதீங்க. கோவத்துல நானே உக்காந்து கணக்குப் போட்டேன், போட்டு முடிச்சதும் கோவம் உங்க பக்கம் திரும்பிடுச்சு. ஒரு உதாரணத்துக்கு ரெண்டு மாசத்துல ஒரு போர்ஷன் 180 யூனிட், இன்னொண்ணு 220, மாடியில ஏசியோட 600ன்னு வச்சுக்குவோம். மொத்தம் 1000. 2024 ஜூலையில வந்த உங்க வீட்டு ரேட்டுப்படி முதல் 100 ஃப்ரீ, அடுத்த 300 யூனிட் 4.70, அப்புறம் 6.30, 8.40, 9.45, கடைசி 200 யூனிட் 10.50ன்னு ஏறிப் போயி 6,870 ரூபா. இதே மூணு பேருக்கும் தனித்தனி மீட்டர் இருந்தா? கம்மியா ஓடுற வீட்டுக்கு ஃப்ரீ போக அடுத்த 100 யூனிட் பாதி ரேட்டுதான், அதனால 180 யூனிட்டுக்கு வெறும் 188 ரூபா. ஆமா சார், நூத்தி எம்பத்தெட்டு. 220க்கு 329. மாடிக்கு 2,880. எல்லாம் சேத்து 3,397 ரூபா. அதே கரண்ட்டு, அதே மூணு வீடு, பில்லு டபுள். இப்ப ஓனர் 10 ரூபா வீதம் எங்க ரெண்டு போர்ஷன்லயும் 4,000 வாங்கிட்டாருன்னா அவரு கையக் கடிக்கிறது 2,870, அதாவது அவருக்குத் தனி மீட்டர் இருந்தா என்ன கட்டுவாரோ கிட்டத்தட்ட அதே காசு. அப்போ 188 ரூபா கட்ட வேண்டிய வீடு கட்டுற 1,800ல அந்த மிச்சக் காசு எங்க போவுது? பெரும்பகுதி உங்ககிட்டதான் சார் வருது, ஸ்லாப் ஸ்லாப்பா, யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறி. ஓனர் நல்ல மனுஷனா இருந்து மொத்த பில்லை யூனிட் கணக்குப்படி பிரிச்சாக் கூட அந்த 180 யூனிட் வீட்டுக்கு 1,237 ரூபா ஆவுது. பில்லைக் காட்டாம மறைக்கிறது அவரோட அயோக்கியத்தனம், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அந்த பில்லைப் பெருசாக்குறது உங்க ஏற்பாடு.

2016லருந்து எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் ஃப்ரீன்னு சொல்றாங்க. எந்த வீட்டுக்கு? மீட்டர் இருக்கிற வீட்டுக்கு. எங்களுக்கு மூணு குடும்பத்துக்கும் சேத்து ஒரு 100, அதுவும் மாடியிலயே முடிஞ்சு போயிடும்.

சரி தனி சர்வீஸ் வாங்கிடலாம்னு செக்ஷன் ஆபீசுக்குப் போனா, முதல் கேள்வியே ஓனர் சம்மதக் கடிதம் எங்க. அவரு குடுக்க மாட்டேங்குறாரு சார்னா, அப்ப ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த ஆளு வாங்க. ஆனா நீங்க நடத்துற 2004 மின் பகிர்மான விதிகள்லயே இதுக்கு வழி இருக்கு. குடியிருக்கிறவர் ஓனர் இல்லைனா படிவம் 5ல ஓனர் சம்மதம் வேணும், ஓனர் இல்ல, இல்லைனா குடுக்க மறுக்குறாருன்னா சட்டப்படிதான் குடியிருக்கோம்ங்கிறதுக்கு ஆதாரம் வச்சு படிவம் 6ல உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்து, டெபாசிட்டை ரெண்டு மடங்கா கட்டிட்டு இணைப்பு வாங்கலாம். ரெண்டு மடங்கு டெபாசிட் என்ன, கடன் வாங்கியாச்சும் கட்டுவோம். அதைச் சொன்னதுக்கு கவுண்டர்ல இருந்தவரு சிரிச்சாரு. "அதெல்லாம் புக்ல இருக்கும்பா"ன்னாரு. புக்கு உங்களோடதுதானே சார்? அதுல இருக்கிறத கவுண்டர்ல நடத்துங்கன்னுதான் கேக்குறோம். பதிவு பண்ண வாடகை ஒப்பந்தம் இருந்தா படிவம் 6ஐ வாங்கிக்கணும்னு எல்லா செக்ஷன் ஆபீசுக்கும் ஒரு சர்க்குலர். புதுசா சட்டம் கூட வேணாம்.

தில்லியில 2019லயே வாடகைக்காரங்களுக்குன்னு ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் கொண்டு வந்தாங்க, வாடகை ஒப்பந்தத்தக் காட்டினா போதும், ஓனர்கிட்ட என்ஓசி, அதான் ஆட்சேபம் இல்லைங்கிற கடிதம், தேவையில்லைன்னு. அங்க ஓனருங்க வீட்டை யாரும் தூக்கிட்டு ஓடிடல. இங்க ஓனருங்க பயமே அதுதான், பில்லு வாடகைக்காரன் பேர்ல வந்துட்டா நாளைக்கு வீடே எனக்குத்தான்னு கோர்ட்டுக்குப் போயிடுவானோன்னு. எங்க சிலிண்டர் கேஸ் புக்கு இந்த அட்ரஸ்லதான் இருக்கு, ரேஷன் கார்டு இந்த அட்ரஸ்லதான் இருக்கு, எந்த சிலிண்டரைக் காட்டி யாரு வீட்டை எழுதி வாங்குனாங்க?

இன்னொண்ணு. 2022 கடைசியில ஈபி நம்பரோட ஆதாரை இணைங்கன்னு நீங்க சொன்னப்ப, உங்க வெப்சைட்லயே நீங்க ஓனரா வாடகைக்காரரான்னு கேட்டிருந்துச்சு. அப்போ எங்கள மாதிரி ஆளுங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. ஆதார் வேணும்னா நாங்க கண்ணுக்குத் தெரியுறோம், மீட்டர் கேட்டா மட்டும் ஓனரைக் கூட்டிட்டு வான்னு சொல்றீங்க. மாசா மாசம் ரீடிங் எடுப்போம்னு 2021 தேர்தல் அறிக்கையில படிச்ச ஞாபகம், அது என்னாச்சுன்னு கேட்டா ஸ்மார்ட் மீட்டர் வரட்டும்பீங்க. வரட்டும் சார், நல்லா வரட்டும், ஓனர் ஏசியும் எங்க ஃபேனும் சேந்து எவ்ளோ இழுக்குதுன்னு அது இன்னும் ஸ்மார்ட்டா கூட்டிச் சொல்லும். இந்த ஊர்ல வாடகைக்கு வீடு தேடுறவன் என்ன சாப்பிடுவ, என்ன ஆளுங்கன்னு எல்லா கேள்விக்கும் பதில் சொல்லி, பத்து மாச அட்வான்ஸைக் கொட்டி, லாரித் தண்ணிக்குப் பங்கு குடுத்து, செப்டிக் டேங்க் லாரிக்குப் பங்கு குடுத்து, காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகையும் விட்டுட்டுப் போகணும், கேட்டா இதான் வழக்கம்னு... சரி, அதெல்லாம் உங்க துறை இல்ல. எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

உங்க துறை மீட்டர். அதை மட்டும் பணிவாவே கேட்டுக்குறேன். வாடகை ஒப்பந்தத்தை வச்சு, ஓனர் கையெழுத்து இல்லாமலே, படிவம் 6ல தனி இணைப்பு குடுக்கச் சொல்லி செக்ஷன் ஆபீசுங்களுக்கு எழுத்துல உத்தரவு போடுங்க, அதை நோட்டீஸ் போர்டுல தமிழ்ல ஒட்டச் சொல்லுங்க. தனி இணைப்பு வர்ற வரைக்கும் சப் மீட்டர் வச்சுக் காசு வாங்குற ஓனர், பில்லோட நகலைக் குடுத்துட்டுத்தான் வாங்கணும்னு ஒரு அறிவிப்பு குடுங்க. அடுத்த கோடைக்குள்ள இது நடந்தா உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக்கா பொண்ணு பேரப்புள்ளைய தூக்கிட்டு திரும்ப வருவேன்னு சொல்லியிருக்கு.

இப்படிக்கு,
சப் மீட்டர் நம்பர் 2

பி.கு: மோட்டார் கரண்ட்டுன்னு தனியா வாங்குறாரே, அந்த மோட்டாருக்கு சப் மீட்டரே இல்ல. எத்தனை யூனிட்னு எப்படித் தெரியுதுன்னு கேட்டேன், ஒரு அனுபவம்தான்னாரு. அந்த அனுபவத்துக்கு யூனிட் ரேட் என்னன்னு உங்க டாரிஃப்ல இருந்தா அதையும் கொஞ்சம் சொல்லுங்க.