பெட்டிக்குள் கிடக்கிற வயலின்

பாளையங்கோட்டை
கார்த்திகை 5

மாப்ளே,

உன் கடுதாசி போன வாரமே வந்தது. வாக்கர் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று வாசித்துச் சொன்னதும், உன் தங்கச்சி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக் காட்டினாள். திருச்செந்தூர் உண்டியலில் நீயே வந்து போட வேண்டுமாம். ஆக, நீ இங்கே வர ஒரு காரணம் ஆயிற்று. இன்னொரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"ரிட்டயர் ஆன மனுசன் சாயங்காலமானா பள்ளிக்கூடத்துல என்னலே பண்ணுதே?" என்று கேட்டிருந்தாய். நாற்காலி தூக்குகிறேன். பொய் இல்லை. பேத்தியின் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கோயில் கொடையில் கீபோர்டும் டிரம்ஸுமாக விடிய விடிய சினிமாப் பாட்டுப் பாடுவார்களே, அதுதான் உனக்கு ஞாபகம் வரும். இது வேறு. பதினோரு வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ. எல்லாம் தந்தி வாத்தியம். பாட ஆள் கிடையாது, மேளமும் கிடையாது. டிசம்பர் 12 சாயங்காலம் கச்சேரி. பேத்தியைக் கூட்டிவரப் போனவனிடம் மியூசிக் டீச்சர், "தாத்தா, அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் பிடிங்க" என்றது. அன்றைக்குப் பிடித்ததை இன்னும் விடவில்லை.

முதல் அரை மணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். இந்த மழை ஈரத்தில் மரம் ஊதி, தந்தியை முறுக்குகிற பிருடை எல்லாம் இறுகிக் கிடக்கிறது. பலங்கொண்ட மட்டும் திருகினால் சட்டென்று ஒரு சுற்று போய், மேல் தந்தி டப்பென்று அறுந்துவிடும். சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிர்: மரம் சுருங்கி, திருகி வைத்த பிருடை தானாகக் கழன்று வரும், சாக்பீஸ் தடவி நிறுத்த வேண்டும். அதனால் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அடியில் இருக்கிற சின்னத் திருகாணிகளைப் பிள்ளைகள் தொடலாம், பிருடையில் கை வைக்கக் கூடாது.

ஈரம் என்றதும் ஒன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் இவர்கள் வாத்தியம் வைத்திருந்த அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு செல்லோ பலகை பலகையாகப் பிரிந்து போயின. வயலின் குடும்பத்தை ஒட்டுவது நம் ஆசாரிமார் பழைய காலத்தில் காய்ச்சிய வஜ்ஜிரம் மாதிரி ஒரு பசைதான். பின்னால் பிரித்துப் பழுது பார்க்க வசதி, ஆனால் தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பலகை உடையாததால் மறுபடி ஒட்ட முடிந்தது.

இப்போது என் பெருமையைக் கேள். வயலினில் விரல் வைக்கிற இடத்துக்கு வீணையில் இருக்கிற மாதிரி கட்டை கிடையாது, உனக்குத் தெரியாததா. சரியான இடம் எது என்று பிள்ளைகள் டீச்சர் முகத்தையே பார்க்கும். முகம் சுளித்தால் விரலை நகர்த்தும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருநாள் ஒரு ஆறாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, தாளைக் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாகக் கிழித்து, கூரை மாதிரி மடித்து, அவன் வயலினில் தடித்த ஜி தந்தியின் மேல் உட்கார வைத்தேன். லேபில் சோனாமீட்டரில் வைப்போமே, அதே சங்கதி. பக்கத்து டி தந்தியில் மூன்றாம் விரலை வைத்து வாசிக்கச் சொன்னேன். அதுவும் ஜி சுரம்தான், ஒரு ஸ்தாயி மேலே. விரல் வைக்காத திறந்த ஜி தந்தி நொடிக்கு 196 அதிர்வு, இது 392. விரல் சரியாக விழுந்தால் தொடாத தந்தி தானே அதிர்ந்து தாளைத் தள்ள வேண்டும்.

தாள் அசையவில்லை. பையன் விரலை முன்னே பின்னே உருட்டிப் பார்த்தான், ம்ஹூம். முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன், பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்து நின்றேன். அப்புறம்தான் உறைத்தது: தாளை நான் நட்டநடுவில் வைத்திருக்கிறேன். இரட்டிப்பு அதிர்வில் தந்தி இரண்டு பாதியாக ஆடும், நடு இடம் ஆடாமல் நிற்கும். என் பாடத்தை நானே மறந்திருக்கிறேன்! கால்வாசித் தூரத்துக்குத் தாளை நகர்த்தினேன். பையன் வில்லை இழுத்தான். இரண்டு மூன்று தடவை ஒன்றுமில்லை. அடுத்த தடவை தாள் கிடுகிடுவென்று நடுங்கித் துள்ளிக் கீழே விழுந்தது. பதினேழு பிள்ளைகளும் மண்டையை முட்டிக்கொண்டு வந்து நின்றன. இப்போது எல்லாருடைய பெட்டியிலும் ஒரு தாள் துண்டு இருக்கிறது. டீச்சர் முகத்தை முன்னளவுக்குப் பார்ப்பதில்லை.

உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். வயலின் வாங்கிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது, தினம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தும் முன்னேற்றம் இல்லை, கதவுக் கீல் மாதிரியே கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான் நடந்தது. பேத்தி தினமும் முதல் வரியில் தொடங்குவாள். எட்டாவது பாரில், அதாவது கோடு போட்டுப் பிரித்த எட்டாவது கட்டத்தில், தடுமாறுவாள். மறுபடி முதலிலிருந்து. ஆக, முதல் எட்டு பார் தேன், கடைசிப் பக்கம் வேப்பெண்ணெய். பரீட்சைக்கு முதல் பாடத்தை மட்டும் உருப்போட்டு வருகிற பயல்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாம், மாப்ளே. இருபது நிமிஷம் போதும். எந்த இரண்டு பாரில் கை தடுக்குகிறது என்று அவனையே பென்சிலால் வட்டம் போடச் சொல். அந்த இரண்டு பாரை மட்டும் எறும்பு ஊர்கிற வேகத்தில் வாசிக்கட்டும். அது கைக்கு வந்த பிறகு அதற்கு முந்தின பாரைச் சேர்க்கட்டும், பிறகு அதற்கும் முந்தினது. பின்னாலிருந்து முன்னால் வருவது. இங்கே டீச்சர் நாள் முழுக்கச் சொல்வது ஒரே வார்த்தைதான்: "பைய... பைய." நீ கேட்காவிட்டால் அவன் எடுக்க மாட்டான் என்பதும் தெரியும், ஆனால் "எவ்வளவு நேரம் வாசிச்சே" என்று கேட்காதே, "எந்த இடம் இன்னிக்கு" என்று கேள்.

வில் விஷயம் தனிக் கோட்டித்தனம். பதினோரு வயலினும் ஒரே சமயத்தில் கீழே இழுத்து ஒரே சமயத்தில் மேலே தள்ள வேண்டும். ஒருத்தன் மட்டும் எதிர்த்திசையில் போனால், சத்தத்தில் தெரியாது, கண்ணில் குத்தும். அப்படி ஒரு பையன் இருக்கிறான். வாத்தியம் இல்லாமல் வெறும் பென்சிலைப் பிடித்துக் காற்றில் வில் போடச் சொல்லி இப்போதுதான் வழிக்கு வருகிறான்.

என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்பாய். இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டு, நடுவில் ஒரு நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதருடையதுதான். வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டாரே, சுமார் நாற்பது. அதில் ஒன்று இங்கிலாந்து ராஜா வாழ்த்து மெட்டு! எல்லாம் சங்கராபரண ராகம், இவர்கள் பாஷையில் மேஜர் ஸ்கேல். அதனால் நொட்டேஷனில் உட்காரச் சிரமமே இல்லை. திறந்த தந்தி நிறையக் கிடைக்கட்டும் என்று டீச்சர் டி மேஜரில் எழுதியிருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அண்ணன் 1835இல் உயிர் விட்டதும் எட்டயபுரத்தில்தான். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "எட்டயபுரமா? எங்க ஆச்சி ஊரு!" என்று ஒரு செல்லோக்காரி குதித்தாள்.

நேற்று மேடை ஒத்திகை. விசிறியைப் போட்டதும் தாள் எல்லாம் பறந்தது. விசிறியை நிறுத்தினால் பிள்ளைகள் வேர்த்துக் கை வழுக்கியது. வீட்டுக்கு ஓடி, கொடியிலிருந்து துணி கிளிப் நாற்பது கொண்டுவந்தேன். உன் தங்கச்சியின் ஈரத்துணி தரையில். செல்லோவின் அடிக்கம்பி மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போனது, தேங்காய்நார் மிதியடி போட்டு நிறுத்தினோம். எல்லாம் சரியாகி வாசித்தால், மூன்று நிமிஷப் பாட்டு இரண்டே கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது! பயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓட்டம். டீச்சர் திட்டவில்லை. நடுவில் ஒருத்தியைத் தொட்டு வாசிப்பை நிறுத்தச் சொல்லும். அவள் மற்றவர்களைக் கேட்டு, எந்த இடம் என்று கண்டுபிடித்து, தானாக உள்ளே சேர வேண்டும். தப்புப் பண்ணினால் உதட்டைக் கடிக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. இந்தப் பயிற்சியைப் பத்துத் தடவை செய்தார்கள். கடைசித் தடவை இரண்டு நிமிஷம் ஐம்பது நொடி. வாட்சைப் பார்த்தவன் நான்.

சரி, இரண்டாவது காரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திடீரென்று வளர்ந்துவிட்டாள். முக்கால் சைஸ் வயலின் அவளுக்குப் பொம்மை மாதிரி இருக்கிறது. பள்ளியில் முழு சைஸ் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது. கல்லிடைக்குறிச்சியில் நீ பாகவதரிடம் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, சரளி வரிசையை மூன்று காலத்திலும் இழுத்தாயே; நான் திண்ணையில் கோலிக்குண்டோடு எப்போது முடியும் என்று காத்துக் கிடப்பேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை என்று உங்கப்பா நிறுத்தினார். அந்த வயலினை விற்கவில்லை, பரணில் இருக்கிறது என்று உன் பெண் கல்யாணத்தில் சொன்னாய். இன்னும் இருக்கிறதா?

இருந்தால், 12ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துக்கொண்டு வா. பேரனையும் கூட்டி வா. ச-ப-ச-ப என்று நீ சேர்த்து வைத்த சுருதியை இங்கே மாற்றிக்கொள்வார்கள், நீ பிருடையைத் திருகிப் பார்க்காதே. பழந்தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். அதற்காக நாலு தந்தியையும் மொத்தமாகத் தளர்த்தியும் விடாதே. தந்திகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்தால் உள்ளே நிற்கிற சின்னக் குச்சியும் விழுந்துவிடும், அதை நிறுத்த இந்த ஊரில் ஆள் தேட முடியாது. ரயிலில் மேல் பெர்த்தில் போடாமல் மடியில் வைத்துக்கொள். முழங்காலுக்குப் பாரம் என்றால் பேரன் மடியில்.

உன்
பெஞ்சுக் கூட்டாளி