16-க்கு 20 அங்குலத் தன்னெழுச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசுப் பள்ளிகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டும் சட்டம் பற்றிய கட்டுரையை உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். அது மக்களின் ‘தன்னெழுச்சியான’ விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மசோதா தானாக எழுந்து சட்டமன்றத்துக்கு நடந்து போகாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

கட்டுரையாளர் அந்தச் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம். பெரியது ஒன்றும் இல்லை, சில பக்கங்கள்தான். செனட் மசோதா 10, 2025. போஸ்டர் குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம் இருக்க வேண்டும். சாதாரணப் பார்வை உள்ளவர் வகுப்பறையின் எந்த மூலையில் நின்றாலும் படிக்க முடிய வேண்டும். வாசகத்தைச் சட்டத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வரிகளுக்கு எண் மட்டும் போடவில்லை. எண்ணிப் பாருங்கள், ‘செய்’, ‘செய்யாதே’ என்று 11 வரிகள் வரும். யூதர்களும் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் பத்தை ஆளுக்கொரு விதமாகப் பிரிப்பவர்கள். எண் போட்டால் முதல் நாளே சண்டை. (ஆசைப்படாதே என்னும் கடைசி வரியில் அயலானுடைய மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்கும் பொறுப்பு ஆசிரியையின் தலையில்.)

இந்த வாசகம் எங்கிருந்து வந்தது? ஈகிள்ஸ் என்ற சகோதரத்துவச் சங்கம் சென்ற நூற்றாண்டில் ஊர் ஊராகக் கட்டளைகள் பொறித்த கல் நட்டது. அப்படி ஒன்று டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்ற வளாகத்தில் நிற்கிறது. அது நிற்கலாம் என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் விட்டுவிட்டது. 2024-இல் லூசியானா இயற்றிய இதே மாதிரிச் சட்டம், தன் வாசகம் அந்தக் கல்லில் உள்ளதேதான் என்று வாய்விட்டே சொல்கிறது. கடவுள் வாக்கைத் தேர்ந்தெடுக்க வழக்கறிஞர் மூளை வேலை செய்திருக்கிறது.

அளவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1978-இல் கென்டக்கி மாநிலம் இதே சட்டத்தைப் போட்டது. அப்போதும் 16-க்கு 20 அங்குலம், செலவு நன்கொடைப் பணத்தில். கட்டளைகளுக்கு மதம் சாராத பயனும் உண்டு என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வேறு. 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை 5-4 என்று தள்ளிவிட்டது. பொடி எழுத்தால் மதத்தை மறைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆர்கன்சாவும் டெக்சாசும் 2025-இல் சட்டம் போட்டபோது அதே 16, அதே 20. தன்னெழுச்சிக்குக்கூட அளவுச் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்!

நீதிமன்றத்தில் தோற்றுப்போன சட்டம் எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் விஷயமே. 1980 தீர்ப்பு ‘லெமன்’ வழக்கில் (1971) வகுத்த, அரசு மதத்துக்குத் துணைபோகிறதா என்று பார்க்கும் மூன்று கேள்விச் சோதனையின் மேல் நிற்கிறது. அந்தக் காலை வெட்டாமல் எத்தனை மசோதா போட்டாலும் பருப்பு வேகாது. 2022-இல் கால்பந்து மைதானத்தின் நடுவில் முழந்தாளிட்டு ஜெபித்த ஒரு பயிற்சியாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் லெமன் சோதனையைக் கைவிட்டது. அவருக்காக வாதாடியது டெக்சாசைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் லிபர்ட்டி இன்ஸ்டிட்யூட் என்ற, மத உரிமை வழக்குகள் நடத்தும் அமைப்பு. மறு ஆண்டே டெக்சாஸ் செனட்டில் ஒரு செனட்டர் கட்டளை மசோதாவைக் கொண்டுவந்தார். ஆதரவாகச் சாட்சி சொன்னவர்களில் அமெரிக்காவின் அடித்தளமே கிறிஸ்தவம் என்று பிரசாரம் செய்யும் வால்பில்டர்ஸ் அமைப்பின் டேவிட் பார்ட்டன் ஒருவர். செனட்டில் தேறியது, கீழவையில் கெடு தாண்டிச் செத்தது. 2025-இல் அதே செனட்டர் மறுபடி கொண்டுவந்தார். ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தடை போட்டார், ஆனால் வழக்கில் இருந்த 11 பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். மற்றவர்கள் மாட்டுங்கள் என்றார் மாநில அட்டர்னி ஜெனரல்.

இதற்குப் படிக்கட்டு உண்டு. புராஜெக்ட் பிளிட்ஸ் என்ற பெயரில் வால்பில்டர்சும் கூட்டாளி அமைப்புகளும் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கையேடே போட்டு, மாதிரி மசோதாக்களை மூன்று அடுக்காக வைத்தன. முதல் அடுக்கில் யாரும் எதிர்க்கக் கூச்சப்படும் சாமான்: ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற தேசிய முழக்கப் பலகை. கடினமானவை மேலே. டெக்சாஸ் அந்த முதல் படியை 2021-இல் ஏறியது. நன்கொடையாக வந்த முழக்கப் போஸ்டரைப் பள்ளி மாட்டியே ஆக வேண்டும் என்று சட்டம். சவுத்லேக் ஊரில் பேட்ரியட் மொபைல் என்ற செல்பேசி நிறுவனம் போஸ்டர் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெற்றோர் அதே முழக்கத்தை அரபியில் எழுதிக் கொண்டுவந்தார். ஏற்கெனவே போதுமானது இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

பணத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. வரிவிலக்கு பெற்ற அமைப்பு லாபி (சட்டம் இயற்றுபவர்களிடம் ஆதரவு திரட்டுவது) செய்யலாம், வரம்போடு. 1976 விதியைத் தேர்ந்தெடுத்தால் முதல் 5 லட்சம் டாலர் செலவில் 20 சதவீதம், அதன்பின் விகிதம் குறைந்துகொண்டே போய், உச்சம் 10 லட்சம் டாலர். வழக்கு நடத்துவது இந்தக் கணக்கில் வராது. சட்டமன்றக் குழு எழுத்தில் கேட்டு, அதற்குச் சொல்லும் தொழில்நுட்ப ஆலோசனையும் வராது. அந்த எழுத்துக் கோரிக்கை யார் சொல்லி வருகிறது என்பதை உங்கள் நிருபர் ஊகித்துக்கொள்ளட்டும். சர்ச் அல்லாத பெரிய அமைப்புகள் ஆண்டுதோறும் வரித்துறையிடம் படிவம் 990 தாக்கல் செய்து, லாபிச் செலவை அதன் ‘சி’ அட்டவணையில் காட்ட வேண்டும். சர்ச்சுக்கு அந்தப் படிவமே கிடையாது. வாஷிங்டனில் உட்கார்ந்து அரசியல் செய்யும் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில், 2020-இல் வரித்துறையிடம் ‘சர்ச்சுகளின் சங்கம்’ என்ற தகுதியை வாங்கிக்கொண்டது. அத்தோடு கணக்குப் புத்தகத்துக்குத் திரை.

இவ்வளவும் எழுதக் காரணம் இந்த ஒரு கட்டுரை அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கருக்கலைப்புத் தீர்ப்பு வந்தபோதும் ‘காலங்காலமான கிறிஸ்தவ எதிர்ப்பு’ என்று எழுதினீர்கள். 1971-இல் அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டு சபையான தென் பாப்டிஸ்ட் மாநாடு, வன்புணர்வு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டதே, அது எந்தக் காலம்? நம் ஊர்க் கதையிலும் இதேதான். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 2013-இல் உயிர் பெற்றதை ‘சமூகத்தின் குரல்’ என்று எழுதினீர்கள். அதை முடக்கிய 2009 தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மத்திய அரசே மேல்முறையீடு செய்யவில்லை. போனவர்கள் ஒரு ஜோதிடர், திருச்சபைக் கூட்டமைப்புகள், முஸ்லிம் தனிச்சட்ட வாரியம், நம் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். வேறு எதிலும் ஒரே பந்தியில் உட்காராதவர்கள். இவர்கள் பெயர்கள் எல்லாம் வழக்கின் ஆவணங்களிலேயே இருந்தன.

நான் கேட்பது சின்ன விஷயம். இனி இப்படி ஒரு மசோதா பற்றிச் செய்தி போட்டால் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி கொடுங்கள்: மசோதா எண், குழுவில் ஆதரவுச் சாட்சி சொன்ன அமைப்புகளின் பெயர், செலவு யாருடையது. டெக்சாஸ் செனட்டின் சாட்சிப் பட்டியல் பொது ஆவணம், எடுப்பது பெரிய வேலை இல்லை. ‘தன்னெழுச்சி’க்கு ஒரு திருத்தம் போட இடம் இருந்தால் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே நாலு வரி இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தஞ்சாவூர்